அம்மாவுக்குக் காலமை தேத்தண்ணி குடுக்கலாமோ?

தம்பி, 9 மணிக்குப் பித்தப்பை ஒப்பரேஷன் எண்டால், கிளிநொச்சிக்கு வெளிக்கிடேக்க 5 மணிக்குப் பால்தேத்தண்ணி வேண்டாம். பால் வயித்து அமிலத்தில திரைஞ்சு கட்டியாகிவிடும். அதைச் சாப்பாடாத்தான் கணக்கெடுப்பினம், 6 மணித்தியாலம் விடவேணும். இறைச்சி, பொரியல் எண்டால் 8. வெறும் தண்ணி, பாலில்லாப் பிளேன்ரீ பொதுவா 2 மணித்தியாலத்துக்கு முன்வரை சரி. ஆனா அம்மாவுக்கு இருக்கிற மாதிரிக் கனகால நீரிழிவில வயிறு மெதுவாத்தான் காலியாகும், அதால நேரத்தை மயக்க டொக்டரிட்டயே கேளுங்கோ. மயக்கத்தில விழுங்கிற, இருமுற உணர்வு நிண்டுபோகும். வயித்தில கிடக்கிறது மேல வந்தால் நேரே நுரையீரலுக்குள்ள போகும்.

நீரிழிவுக் குளிசையளான மெட்போர்மின், கிளிக்கிளசைட் அண்டைக்குக் காலமை போடுறேல்ல. வெறும் வயித்தில கிளிக்கிளசைட் சீனியை இறக்கிப்போடும். ஆஸ்பத்திரியில வேர்த்து நடுங்கினால் ரொபி குடுக்காமல் உடன தாதியிட்டச் சொல்லுங்கோ, குளுக்கோஸை ஊசியால ஏத்துவினம். பிறஷர் குளிசை லொசார்டனையும் வழக்கமா நிப்பாட்டுவினம், மயக்கத்தில பிறஷர் விழும் எண்டபடியால். மற்றப் பிறஷர் குளிசை அம்லோடிபின் ஒரு மிடறு தண்ணியோட போடலாம். எதுக்கும் கிளினிக் கொப்பியையும் குளிசைப் பெட்டியையும் அப்படியே கொண்டு போங்கோ.

அம்மா வெத்திலை போடுறவ எண்டு எழுதியிருக்கிறியள். கனகாலம் போட்டால் வாய் இறுகித் திறக்கிறது குறையலாம். வாய்க்குள்ள மூண்டு விரல் நிமித்தி வைக்க இடமிருக்கோ பாருங்கோ. இல்லாட்டி மூச்சு விட வைக்கிற குழாய் இறக்கிறது கஷ்டம், முன்கூட்டியே சொல்லவேணும். ஆடுற பல்லையும் மறைக்கவேண்டாம். உடம்பில சண்டைக்காலத்துப் பழைய செல்துண்டு (குண்டுச் சிதறல்) கிடந்தால் அதையும் சொல்லுங்கோ.