தபலாவுல கிதார் அமுங்குதா?

அன்புள்ள அண்ணா,
போன வாரம் ஒரு கச்சேரி. தபலாவும் கிளாசிக்கல் கிதாரும் மட்டும், மேடையிலேயே இம்ப்ரவைஸ் பண்றோம்னு சொன்னாங்க. ஆசையா போனேன், கொஞ்ச நேரத்துல கிதாரையே காணோம். இந்த ரெண்டும் சேரவே சேராதா?
— எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

நல்லாவே சேரும். கிளாசிக்கல் கிதார்ல இருக்கற நைலான் ஸ்ட்ரிங் சத்தம் ஸ்டீல் மாதிரி நீண்டு நிக்காது, மீட்டின கையோட கரைய ஆரம்பிச்சிரும், அந்த நேரம் பாத்து தபலாக்காரர் ஒரு உருட்டு உருட்டினா கார்டோட (சேந்து ஒலிக்கிற ஸ்வரங்களோட) மிச்சம் காதுக்கே வராது, மைக்க எவ்வளவு ஏத்தி வச்சாலும் சரி. ஆனா சத்தத்த விட பெரிய சிக்கல் சுருதி. வலது தபலாவ சுத்தியலால தட்டி ஒரு ஸ்வரத்துக்கு சேத்து வச்சிருப்பாங்க இல்லையா, நம்ம சங்கீதத்துல ஷட்ஜம், அதாவது ஆதார ‘ஸ’, மாறாது அதனால ஒத்துப்போகும், கிதார்காரர் கார்ட் மாத்திக்கிட்டே வேற கீக்கு, அதாவது வேற ஆதார ஸ்வரத்துக்கு போயிட்டார்னா வலது தபலாவோட அதே ‘தின்’ங்கற நாதம் இடிக்க ஆரம்பிச்சிரும். அப்ப விரல தோல் மேலயே அழுத்தி நாதம் நிக்காத மூடின சொல்லா (தபலால ஒவ்வொரு அடிக்கும் ‘சொல்’னு பேர்) வாசிக்கணும், இல்லேன்னா இடது பக்க தபலாவுக்கு போயிடணும், மணிக்கட்ட அழுத்தி இழுத்தா அதுவே பேஸ் மாதிரி கிதாருக்கு அடியில வந்து தாங்கும்.

காலின் வால்காட்ட கேளுங்க. அமெரிக்கர், அல்லா ரக்கா கிட்ட தபலாவும் ரவிசங்கர் கிட்ட சிதாரும் கத்துக்கிட்டவர். ‘ஆரிகன்’ங்கற இசைக்குழுவுல அவர் கூட கிளாசிக்கல் கிதார் வாசிச்சது ரால்ஃப் டவுனர், வியன்னால கார்ல் ஷைட்ங்கற கிதார் ஆசிரியர் கிட்ட படிச்சவர். வால்காட் எங்க அடிக்கிறார்ங்கறத விட எங்க கைய எடுக்கறார்னு பாருங்க, எனக்கு அதுலதான் உசுரு. 1984ல கிழக்கு ஜெர்மனில டூர் போன இடத்துல விபத்து, 39 வயசுலயே போயிட்டார், இன்னும் மனசு ஆறல.

குழுவுல அவர் இடத்துக்கு வந்தது மும்பைக்காரர் த்ரிலோக் குர்து. 1989ல லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹால்ல அவரும் கிதார்காரர் ஜான் மெக்லாஃப்லினும் வாசிச்ச ரெக்கார்டிங் இருக்கு, நைலான் கிதார், கூட பேஸ் உண்டு, நடுவுல கொன்னக்கோல் (தாளச் சொற்கள வாயால சொல்றது) கூட வரும்.

கிதார்காரரும் தாளம் பேசணும். பிரிட்ஜ் (ஸ்ட்ரிங்க கிதார் உடம்புல கட்டியிருக்கற கட்டை) கிட்ட கட்டைவிரல் பக்கவாட்டால ஸ்ட்ரிங்க தட்டுற ‘தம்போரா’னு ஒரு பழைய உத்தி இருக்கு, தட்டும்போதே கார்டும் லேசா கேக்கும். தபலா ஒரு சொல் விட்டதும் கிதார் இப்படி பதில் சொன்னா எனக்கு வேற எதுவும் வேண்டாம். லண்டன் ரெக்கார்டிங்க ஹெட்ஃபோன் போட்டு கேட்டுட்டு எழுதுங்க.