ஜனவரி முதல் வாரத்தில் திருப்பி வைக்கும் நகை

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு மணலியில் கன்டெய்னர் யார்டில் வேலை. கையில் 27,000 வருகிறது. நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்து 8,000 வரை சம்பாதிக்கிறேன். மாமியார் காலையில் வாசலில் ஆப்பக் கடை போடுகிறார். மகள் பிளஸ் டூ, மகன் ஏழாவது, இருவரும் அரசுப் பள்ளி. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் நானும் கணவரும் உட்கார்ந்து இலக்குகளைக் காலண்டரின் பின்பக்கம் எழுதுவோம். 2026-க்கு எழுதியவை: மாதம் 10,000 சேமிப்பு, மகளுக்கு 5 சவரன், பைக் கடனை முடிப்பது, புது ஃபிரிட்ஜ், மருத்துவக் காப்பீடு, கொடைக்கானல் பயணம். போன வருடமும் ஏறக்குறைய இதேதான். பொங்கல் முடிவதற்குள் எல்லாம் நின்றுபோகிறது. என் நகை 7 சவரன் 2022 முதல் அடகில் இருக்கிறது. ஜனவரி 7 கெடு. தங்கம் விலை ஏறியிருப்பதால் இன்னும் 2 லட்சம் தருகிறோம் என்கிறார்கள். அதில் நாத்தனார் வீட்டுக்காரருக்கு லோடு ஆட்டோ முன்பணமாக ஒன்றரை லட்சம் கொடுத்துவிட்டு, மீதி 50,000-ஐ செல்போன் ஆப்பில் டிஜிட்டல் தங்கமாக மகளுக்குச் சேர்க்கலாம் என்கிறார் கணவர். எல்லோரும் சேர்ந்து நிறைவேற்றக்கூடிய இலக்கை எப்படி வைப்பது? ரசீது நகல்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் இலக்குப் பட்டியலை விட அந்த நான்கு ரசீதுகளைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். நான்கிலும் தேதி ஜனவரி முதல் வாரம். அதாவது காலண்டரின் பின்பக்கம் இலக்கு எழுதும் அதே வாரத்தில்தான் நகையையும் திருப்பி வைக்கிறீர்கள்: பழைய கடனை முடித்து, அதே நகைக்கு அதைவிடப் பெரிய கடன். நகையின் மேல் கிடைக்கும் கூடுதல் பணத்தில்தான் ஒவ்வொரு வருடத்தையும் தொடங்குகிறீர்கள். சிக்கனம், சேமிப்பு எல்லாம் உங்களுக்குத் தெரியும். கடிதத்தைப் படித்தாலே அது புரிகிறது. நான் பேச விரும்புவது இந்த ஒரு பழக்கத்தைப் பற்றி மட்டும்.

ரசீதுகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம். வட்டி மாதம் நூற்றுக்கு ஒன்றரை, ஆக வருடத்துக்கு 18. 2022-ல் வாங்கியது 1,10,000. 2023-ல் அதை 1,50,000 ஆக்கித் திருப்பி வைத்தீர்கள். 40,000 கூடுதல் என்று தோன்றும். ஆனால் முந்தைய வருட வட்டி 19,800-ஐப் பிடித்துக்கொண்டு 20,200 தான் கொடுத்தார்கள். நாத்தனார் மகனின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் அதில்தான் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். 2024-ல் 2,00,000, வட்டி 27,000 போகக் கைக்கு வந்தது 23,000. 2025-ல் 2,50,000, வட்டி 36,000 போக 14,000.

கூட்டிப் பாருங்கள். நான்கு வருடத்தில் உங்கள் கைக்கு வந்த மொத்தப் பணம் 1,67,200. இன்று மீட்கப் போனால் அசல் இரண்டரை லட்சமும் இந்த வருட வட்டி 45,000-மும் சேர்த்து 2,95,000 கட்ட வேண்டும். இடையில் உள்ள 1,27,800 முழுவதும் வட்டி. முதலில் வாங்கிய கடனை விட இது அதிகம். நீங்கள் தனியாக வட்டி கட்டியதே இல்லை என்பதால் இந்தத் தொகை கண்ணில் படவில்லை. வட்டியையும் கடன் வாங்கியே கட்டியிருக்கிறீர்கள்.

இது இத்தனை வருடம் ஓடியதற்குக் காரணம் தங்கத்தின் விலை. 2024 தொடக்கத்தில் சென்னையில் சவரன் 50,000-க்குக் கீழே இருந்தது. 2025 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. விலை ஏறும் வரை, அதே நகைக்கு அதிகக் கடன் கிடைத்துக்கொண்டே இருக்கும். விலை ஒரு வருடம் நின்றாலோ இறங்கினாலோ கூடுதல் பணம் கிடைக்காது. அன்றைக்கு வட்டியைக் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும். முடியாவிட்டால் ஏல அறிவிப்பு வரும். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் கொண்டுவந்த நகைக்கடன் விதிகளையும் கவனியுங்கள். 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அவற்றுக்கு மாற வேண்டும். கடைசியில் மொத்தமாகக் கட்டும் வகை நகைக்கடனைப் புதுப்பிக்க வேண்டுமானால், சேர்ந்த வட்டியை முதலில் கட்டியாக வேண்டும் என்கிறது அந்த விதி. வட்டியை அசலோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டே போகும் வழி இனி அடைபடும்.

இப்போது 2 லட்சம் தருகிறோம் என்கிறார்களே, அதற்கு வருவோம். அதில் 45,000 வட்டிக்குப் போகும். கைக்கு வருவது 1,55,000. ஒன்றரை லட்சத்தை லோடு ஆட்டோவுக்குக் கொடுத்தால் மிஞ்சுவது 5,000. உங்கள் கணவர் நினைக்கிற 50,000 அங்கே இல்லவே இல்லை. கடன் நாலரை லட்சமாகி, வருட வட்டி 81,000 ஆகும். மாதக் கணக்கில் 6,750. ஜாக்கெட் தைத்து நீங்கள் சம்பாதிப்பதில் பெரும்பகுதி அதற்கே போய்விடும்.

டிஜிட்டல் தங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இதைப் பற்றிக் கேட்டு எனக்குக் கடிதம் வராத வாரமே இல்லை என்பதால் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். வாங்கும்போதே 3 சதவீதம் ஜிஎஸ்டி போகும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி வேறு. இந்த ஆப்கள் விற்கும் தங்கம் தங்களுடைய கண்காணிப்பில் வராது என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2025 நவம்பரில் பொதுமக்களை எச்சரித்தது. அதையெல்லாம் விடுங்கள். வீட்டில் இருந்த உண்மையான தங்கத்தை 18 சதவீத வட்டிக்கு அடகு வைத்து, அந்தப் பணத்தில் திரையில் தெரிகிற தங்கத்தை வாங்குவது எந்தக் கணக்கிலும் சரி வராது. உங்கள் மகளுக்கு 5 சவரன் சேர்ப்பதுதான் இலக்கு என்றால், அவளுக்காக 7 சவரன் ஏற்கெனவே இருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டு வருவதுதான் வேலை.

அதனால் 2026-க்கு உங்கள் வீட்டுக்கு ஒரே இலக்கு போதும்: டிசம்பர் 31 அன்று நகைக்கடன் 65,000-க்குக் கீழே இருக்க வேண்டும். எப்படி இந்தத் தொகை வந்தது என்று சொல்கிறேன்.

முதலில், கடனைப் பொதுத்துறை வங்கிக்கு மாற்றுங்கள். அங்கே நகைக்கடன் வட்டி வருடத்துக்கு 9, 10 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. வேறு இடத்தில் உள்ள நகைக்கடனைக் கட்டி எடுத்துக்கொள்ளும் வசதி பல வங்கிகளில் உண்டு. இன்றைய விலையில் 2,95,000 கடனுக்கு 7 சவரனையும் வைக்க வேண்டியதில்லை. 5 சவரனே தாங்கும். மீதி 2 சவரனைக் கையில் வாங்கி விற்றுவிடுங்கள்.

இதைப் படித்ததும் உங்களுக்கு மனம் கனக்கும். தாய் வீட்டில் போட்ட நகை. தாலிச் செயினைத் தொடச் சொல்லவில்லை. உடைந்துபோன பழைய வளையல் ஜோடி ஒன்று ரசீதில் இருக்கிறது. நான்கு வருடமாக நீங்கள் அதைப் போடவில்லை. அதைக் கொடுங்கள். எம்.சி. ரோட்டிலும் சவுகார்பேட்டையிலும் இரண்டு மூன்று கடைகளில் எடை போட்டு விலை கேட்ட பிறகே கொடுங்கள். சேதாரக் கழிவு கடைக்குக் கடை மாறும். கழிவு போகச் சுமார் 1,90,000 வரும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 1,75,000-ஐ வங்கிக் கடனில் கட்டினால் பாக்கி 1,20,000.

மிச்சம் 15,000-ஐத் தனியாக வைக்கச் சொல்கிறேன். ஏனென்றால் உங்கள் ஆறு இலக்குகளில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது: மகள் இந்த மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை எழுதுகிறாள். ஜூனில் கல்லூரிச் சேர்க்கை. காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவர்களின் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பது தெரிந்ததுதான், அதை மனதில் வைத்தே வருடத்தை ஓட்டுகிறார்கள். உங்களுக்கு ஜூன் மாதம் அப்படி. தெரிந்தே வருகிற செலவை எழுதி வைக்காவிட்டால், ஜூனில் அது அவசரச் செலவாகி மறுபடியும் நகையைத் தேடும். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் படித்த மாணவிகளுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் உங்கள் மகளுக்குப் பொருந்தும். 2022 செப்டம்பரில் அதைத் தொடங்கி வைத்ததே உங்கள் பக்கத்தில் உள்ள பாரதி மகளிர் கல்லூரியில்தான். பள்ளிச் சான்றுகள், அவள் பெயரில் வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்பு எல்லாவற்றையும் ஏப்ரலிலேயே சரிபார்த்து வையுங்கள்.

இனி மாதக் கணக்கு. நீங்கள் எழுதிய செலவுப்படி வாடகை, மளிகை, டியூஷன், கரண்ட், கேஸ், பைக் தவணை எல்லாம் போக 35,000-ல் நிற்பது 2,800. இந்த வீட்டில் மாதம் 10,000 சேமிப்பு என்று எழுதினால் அது பொங்கலுக்கு முன்பே நிற்காமல் என்ன செய்யும்? அத்தை ஆப்பக் கடையிலிருந்து மாதம் 1,500 தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆக 4,300. ஆறு மாதம் இதை வங்கியில் கட்டுங்கள். ஜூனோடு பைக் கடன் முடிகிறது. ஜூலையிலிருந்து அந்த 2,700-ம் சேர்ந்து 7,000. வட்டியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஜூன் கடைசியில் பாக்கி ஒரு லட்சத்தை ஒட்டி இருக்கும், டிசம்பர் கடைசியில் 62,000-க்குப் பக்கத்தில். ஒரு மாதம் தடுமாறினாலும் தாங்கட்டும் என்றுதான் 65,000 என்றேன். ஆடி, தீபாவளித் தையலில் கூடுதலாக வருவதைப் போட்டால் இன்னும் குறையும். ஃபிரிட்ஜும் கொடைக்கானலும் 2027-க்குப் போகட்டும்.

காப்பீட்டை மட்டும் தள்ள வேண்டாம். கணவர் நாள் முழுவதும் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே நிற்கிறவர். வங்கிக் கணக்கிலிருந்தே வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடும், 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடும் பிரதமர் பெயரிலான திட்டங்களில் கிடைக்கின்றன. ஆயுள் காப்பீட்டில் சேர 50 வயதுக்குள் இருக்க வேண்டும். இந்த வாரமே போடச் சொல்லுங்கள்.

நாத்தனார் வீட்டுக்காரர் விஷயத்தை எழுத எனக்கும் தயக்கம்தான். அவர் கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. லோடு ஆட்டோ ஓட்டிப் பிழைக்க நினைப்பதும் நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த ஒன்றரை லட்சத்துக்கு வருடம் 27,000 வட்டி. அதை அவர் கட்டப் போகிறாரா? இதுவரை அப்படி ஒரு பேச்சே எழவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. ஆட்டோவுக்கு அவர் தன் பெயரில் வாகனக் கடன் வாங்கட்டும். விண்ணப்பம் எழுதவும் வங்கிக்குக் கூடப் போகவும் உங்கள் கணவர் ஒரு நாள் லீவு போடட்டும். அண்ணன் செய்யக்கூடிய உதவி அதுதான். சீர், மொய்க்கு மாதம் 500 ரூபாய் ஒரு டப்பாவில் போடுங்கள்; மளிகையில் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் முடியும். அந்த டப்பாவில் இருப்பதுதான் சீர்.

இதை யார் சொல்வது? நீங்கள் சொன்னால் ‘அண்ணி தடுத்துவிட்டாள்’ என்றாகும். கணவரால் தங்கையிடம் சொல்ல முடியவில்லை. நான்கு வருடமாகப் பார்க்கிறோம். சொல்ல வேண்டியவர் உங்கள் அத்தை. ஆனால் கடன் எவ்வளவு என்றே அவருக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இரவில் பிள்ளைகளும் அவரும் தூங்கிய பிறகு நீங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து எழுதுவதைக் குடும்ப இலக்கு என்று எப்படிச் சொல்வது? வருகிற ஞாயிறு மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, ஐந்து பேரும் பாயில் உட்காருங்கள். நான்கு ரசீதையும் நடுவில் வையுங்கள். கூட்டலை மகள் போடட்டும். கைக்கு வந்தது ஒரு பக்கம், கட்ட வேண்டியது ஒரு பக்கம். 1,67,200, 2,95,000 என்ற இரண்டு தொகையையும் அவள் வாயால் படித்துச் சொன்னால் ஆயாவுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஒவ்வொரு ஆப்பமாக ஊற்றிக் காசு சேர்க்கிறவர் அவர். 45,000 என்றால் எத்தனை ஆப்பம் என்று நம்மை விட அவருக்குத்தான் தெரியும்.

மகனுக்கும் வேலை உண்டு. காலண்டரின் பின்பக்கம் ஆறு வரி வேண்டாம். முன்பக்கம், ஒவ்வொரு மாதத் தாளின் கடைசித் தேதியிலும் அன்றைய கடன் பாக்கியை அவன் ஸ்கெட்ச் பேனாவால் எழுதட்டும். அந்தத் தொகை கூடினால் கேள்வி கேட்கும் உரிமை அவனுக்கும் இருக்கட்டும்.

ஜனவரி 5 திங்கட்கிழமை. ஏழாம் தேதி கெடுவுக்கு இரண்டு நாள்தான் இருக்கும். ஆதார், பான், அசல் ரசீது மூன்றையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே வங்கிக்குப் போய்விடுங்கள். மாதாமாதம் கட்டும் வகைக் கடன் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் வருடக் கடைசியில் கட்டும் வகையையே போட்டுவிடுவார்கள். முதல் வங்கி மறுத்தால் அடுத்ததற்குப் போங்கள். ஏழாம் தேதிக்குள் முடியாவிட்டால், பழைய இடத்தில் வட்டியில் ஒரு பகுதியை மட்டும் கைப்பணமாகக் கட்டிச் சில நாள் அவகாசம் கேளுங்கள். கூடுதல் பணத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம்.