ஓட்டு போடுற வயசு: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: சார், உலகம் முழுக்க 18 தானே?

பெரும்பாலும் 18 தான். ஆனா சிங்கப்பூர், லெபனான்ல 21. ஆஸ்திரியா, மால்டா, பிரேசில், அர்ஜென்டினால 16லயே போடலாம். இந்தோனேசியா 17, அங்க கல்யாணம் ஆயிருந்தா அதுக்கும் முன்னாடியே.

கேள்வி: அண்ணே, 18ல என்ன கணக்கு? அப்பத்தான் அறிவு முதிருதா?

அறிவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்க. ரொம்ப காலம் நிறைய நாட்டுல 21 தான் இருந்துச்சு. அமெரிக்கால 18 வயசு பசங்கள வியட்நாம் போருக்கு கட்டாயமா இழுத்துட்டு போயிட்டு ஓட்டுன்னு வந்தா மட்டும் இன்னும் 3 வருஷம் பொறுங்கன்னா யார் ஒத்துக்குவா, அந்த சண்டை முத்தித்தான் 1971ல அரசியல் சட்டத்துல 26வது திருத்தம் வந்து 18 ஆச்சு. பிரிட்டன் அதுக்கு முன்னாடியே 1969ல சட்டம் போட்டுடுச்சு. இந்தியால 61வது திருத்தம், 1989ல அமலுக்கு வந்துச்சு. மலேசியால 2019லயே பார்லிமென்ட்ல பாஸ் ஆயிடுச்சு, நடைமுறைக்கு வர 2021 டிசம்பர் ஆயிடுச்சு.

கேள்வி: தேர்தல் அன்னைக்குத்தான் எனக்கு 18 முடியுது. போடலாமா?

எந்த நாடுன்னு சொல்லலியே. பிரிட்டன்ல ஓட்டு போடுற அன்னைக்கு 18 ஆயிருந்தா போதும், ஆனா முன்னாடியே பதிவு பண்ணிருக்கணும். இந்தியால கணக்கு வேற, தகுதி தேதின்னு ஒண்ணு இருக்கு. முன்ன ஜனவரி 1 மட்டும் தான் இருந்துச்சு, இப்ப ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1ம் சேத்துட்டாங்க. அந்த தேதிக்கு 18 ஆகலன்னா பட்டியல்ல பேர் வராது. 17 முடிஞ்சதுமே விண்ணப்பம் குடுத்து வெச்சுடலாம், இத நிறைய பேர் கோட்ட விடுறாங்க.

கேள்வி: 16 வயசு புள்ளைக்கு என்ன சார் தெரியும்? அப்பா சொல்ற சின்னத்துல குத்தும்.

அப்பா சொல்றத கேட்டு 40 வயசுலயும் குத்துறவங்க இருக்காங்களே! ஸ்காட்லாந்துல 2014 பொது வாக்கெடுப்புல முதல் தடவையா 16, 17 வயசுக்காரங்கள விட்டாங்க. அப்புறம் எடுத்த சர்வேல அவங்கள்ல 75 சதவீதம் பேர் ஓட்டு போட்டதா சொன்னாங்க, 18லேர்ந்து 24 வரைக்கும் உள்ளவங்கள்ல 54 தான். எனக்கு என்ன தோணுதுன்னா 18ங்கிறது படிப்பு வேலைன்னு வீட்ட விட்டு கெளம்புற வயசு, ஆள் ஒரு ஊர்ல பேர் வேற ஊர் பட்டியல்ல, முதல் ஓட்டே விட்டுப் போயிடும், அப்புறம் அப்படியே பழகிடும். வீட்லயும் ஸ்கூல்லயும் இருக்கும்போதே முதல் ஓட்ட போட வெச்சுடலாம், அதனால நான் 16 கட்சி.

கேள்வி: போட்டி போடவும் அதே வயசா?

இல்ல. லோக்சபாவுக்கு 25, அமெரிக்க ஜனாதிபதிக்கு 35. பிரிட்டன்ல எம்.பி ஆகவே 18 போதும், 2006ல போட்ட சட்டத்தால.

கேள்வி: 70 தாண்டினா ஓட்ட எடுத்துடணும். சரியா?

தப்பு. பிரேசில்ல 18லேர்ந்து 70 வரைக்கும் கட்டாயம், 16, 17 வயசுக்கும் 70 தாண்டினவங்களுக்கும் அவங்கவங்க இஷ்டம். அவ்ளோதான், உரிமைய யாரும் புடுங்கல.

கேள்வி: கைக்குழந்தைக்கும் ஓட்டு குடுத்து பெத்தவங்கள போட சொன்னா என்ன?

சிரிக்காதீங்க, ஜெர்மனில இது பார்லிமென்ட் வரைக்கும் போச்சு, நிறைவேறல. அம்மா ஒரு கட்சி அப்பா ஒரு கட்சின்னா புள்ள ஓட்ட யார் போடுறது, அத மொதல்ல சொல்லுங்க.