இன்ஜின் மாற்றும்போது பாதி வேலையில் ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

கேள்வி: தோட்டத்திலிருந்து பச்சைத் தேயிலை மூட்டைகளை ஏற்றிச் செல்ல என்னிடம் பழைய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் இருக்கிறது. அதன் பூஜோ டீசல் இன்ஜின் தேய்ந்துவிட்டதால், அதே வகை இன்ஜின் ஒன்றைக் கோவையில் பழையதாக வாங்கி வந்தேன். முன்பக்க மவுண்டிங் இரண்டிலும் உட்கார வைத்துவிட்டோம்; பின்பக்கம் ஜாக்கியின் மேல் நிற்கிறது; கியர்பாக்ஸ் இன்னும் தரையில் கிடக்கிறது. இப்போதே ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிடலாம் என்கிறார் என் மைத்துனர். எல்லாவற்றையும் பூட்டிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும் என்கிறார் மெக்கானிக். நான் என்ன செய்வது?
– வாசகர், கட்டபெட்டு

பதில்: வேலை முடியும் முன் ஓட்டிப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் ஜாக்கியின் மேல் நிற்கும் இன்ஜினை எரியவிடக் கூடாது. ஜீப்பில் இன்ஜினின் பின்பாரத்தைத் தாங்குவது கியர்பாக்ஸுக்கு அடியில் உள்ள மவுண்டிங். டீசல் இன்ஜின் பிடித்துக்கொள்ளும் கணத்தில் ஒரு பக்கமாக உதறித் திரும்பும்போது ஜாக்கி நழுவிவிடும். ஆகவே கியர்பாக்ஸை இணைத்து, பின் மவுண்டிங்கை முறுக்கிய பிறகு, புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸ் பக்கமிருந்து அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு), சைலன்சர், பானெட் ஆகியவற்றைப் பூட்டாமல் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெரிய குறை ஏதேனும் தெரிந்தால் அப்போது இன்ஜினை மீண்டும் இறக்குவது அரை நாள் வேலைதான். எல்லாம் முடிந்த பிறகு தெரிந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இன்றைக்கே செய்யக்கூடிய சோதனையும் உண்டு. குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகள் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு சிறு கரண்டி இன்ஜின் ஆயில் மட்டும் விட்டு, இன்ஜினின் முன்முனையில் உள்ள கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கும் இடிக்காமல், ஒரே சீராகச் சுற்ற வேண்டும். இன்ஜின் எண்ணையும் இப்போதே படம் எடுத்து வையுங்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. இன்ஜின் எண் மாறுவதால் ஆர்.சி.யில் அதைப் பதிய வேண்டும். வாங்கிய ரசீதையும் எடுத்துக்கொண்டு உதகை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் சென்று, அனுமதி குறித்து முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் நாளில் நான் முதலில் பார்க்கச் சொல்வது எர்த் பட்டையைத்தான். மவுண்டிங்குகள் ரப்பர் என்பதால், இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் இடையில் அந்தப் பட்டை இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் மின்சாரம் வேறு வழி தேடும். குன்னூரில் நான் உடனிருந்த ஒரு பட்டறையில் அதை மறந்துவிட்டுச் சாவியைத் திருப்பினார்கள். சில நொடிகளில் ஆக்சிலரேட்டர் கேபிள் பழுக்கக் காய்ந்து, அதன் பிளாஸ்டிக் உறை இன்ஜின் மேல் சொட்டுச் சொட்டாக உருகி விழுந்தது. அருகில் டீசல் கேன் இருந்தது. நல்லவேளை, ஒருவர் உடனே பேட்டரி முனையைப் பிடுங்கிவிட்டார்.

அடுத்ததாக, ஓடும் இன்ஜினை நிறுத்தும் வழியை உறுதிசெய்யாமல் ஓட்டாதீர்கள். டீசல் பம்பில் உள்ள ஸ்டாப் லீவர் முழுதாக அசைகிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். சம்ப்பில் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயில் அளவுக்கு மேல் இருந்தாலோ, பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருந்தாலோ, இன்ஜின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு ரேஸ் ஏறிப் போகக்கூடும். அப்போது டீசலை நிறுத்திப் பயனில்லை, காற்றைத்தான் நிறுத்த வேண்டும். காற்று உள்ளே போகும் இன்டேக் வாயை முழுதும் மூடும் அளவுள்ள பலகைத் துண்டு ஒன்றுடன் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். கையை வைத்து அடைக்கக் கூடவே கூடாது.

டீசல் டேங்க் இணைக்காவிட்டாலும் கேன் வைத்து ஓட்டலாம். மிச்ச டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் குழாயையும் அதே கேனில் விட மறக்காதீர்கள். ஃபில்டரிலும் பிறகு இன்ஜெக்டர் நட்டுகளிலும் ஏர் எடுக்கும்போது (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது) முகத்தையும் கையையும் விலக்கி வையுங்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் ஊசி குத்திய தடம் போலத்தான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. ரேடியேட்டரைப் பூட்டி நீர் ஊற்றிய பிறகே ஓட்டுங்கள். ஷெட் கதவைக் குளிருக்காக மூடாதீர்கள். கழுத்தில் சுற்றிய மஃப்ளரையும் சால்வையையும் எல்லாரும் கழற்றி வைத்துவிடட்டும். பானெட் இல்லாத வண்டியில் ஃபேன் திறந்து கிடக்கிறது.

முதல் ஓட்டம் அரை நிமிடம் போதும். ஆயில் விளக்கை நம்பாமல், தனியாக ஒரு பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள்; சில நொடிகளில் முள் எழவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். எழுந்தால், அரை நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஒழுகலைத் தேடுங்கள். குறிப்பாக, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் அடியில் ஈரம் தெரிந்தால் இன்ஜினின் பின்பக்க ஆயில் சீலை இப்போதே மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். இரண்டாம் முறை தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும் வரை ஓடட்டும். அப்போது ஆயில் மூடியைத் திறந்து, பேக் கம்ப்ரஷன் (ரிங்குகளைத் தாண்டிக் கசியும் வாயு) புகைபுகையாக அடிக்கிறதா என்று பாருங்கள். குளிரில் எழும் டீசல் தட்டல் சூடானதும் குறைந்துவிடும். சூடான பிறகும் அடியிலிருந்து கனமாகத் தட்டினால் அது பேரிங் ஓசை, அந்த இன்ஜினை அப்படியே பூட்டாதீர்கள்.

கேள்வி: மேட்டுப்பாளையத்தில் ஓட்டிக் காட்டி, கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) அளந்து வாங்கிய டீசல் இன்ஜின் இங்கே கரும்புகை விடுகிறது, கம்ப்ரஷன் கேஜும் குறைவாகக் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், உதகமண்டலம்

பதில்: அவசரப்பட்டு அப்படி முடிவு கட்டாதீர்கள். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். சிலிண்டருக்குள் போகும் காற்றே குறைவு என்பதால், கீழே 400 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) காட்டிய அதே இன்ஜின் மேலே 315, 320 அளவில் காட்டுவது இயல்பு. பம்ப் மட்டும் சமவெளிக்கு வைத்த அளவிலேயே டீசலைத் தள்ளுகிறது. எரியக் காற்று போதாமல் அது கரும்புகையாகிறது. எனவே மேட்டுப்பாளையத்து எண்ணோடு ஒப்பிடாமல், நான்கு சிலிண்டர்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். நான்கும் பத்து சதவீத வித்தியாசத்துக்குள் நின்றால், ஏர் ஃபில்டரை மாற்றி, பம்ப் வேலை தெரிந்தவரிடம் டீசல் அளவைச் சற்றுக் குறைக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் தனியே தாழ்ந்திருந்தால், அந்தச் சிலிண்டரில் மட்டும் சிறிது ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும்: எண் ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ பாருங்கள்.