குடியாத்தத்தில் இருக்கிறோம். தங்கைக்கு பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு என்கிறார்கள், மாத்திரையில் சரியாகுமா?

உணர்ச்சிகள் சட்டென்று கொந்தளிப்பதும், விட்டுவிடுவார்களோ என்ற பயமும் கொண்ட மனநலக் கோளாறு இது. மாத்திரையால் மட்டும் ஆகாது. இதற்கென்று தனி மருந்து கிடையாது. கூடவே மனச்சோர்வு இருந்தால் அதற்குத் தருவார்கள். முதன்மையானது பேச்சுச் சிகிச்சை. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற பேச்சுச் சிகிச்சை முறையில், கொந்தளிப்பு தலைக்கேறும்போது முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைப்பது, மூச்சை மெல்ல விடுவது என்று பழக்குவார்கள். கேட்க அற்பமாகத் தோன்றும். உடம்பு அடங்கினால்தான் புத்தி வேலை செய்யும். மாதக்கணக்கில் ஆகும், ஆனால் பலர் தேறுகிறார்கள்.

குடியாத்தத்திலிருந்து தூரமில்லை, வேலூர் பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் இருக்கிறது. வீட்டாரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வது அங்கே பழைய வழக்கம்.

நீங்கள் போனை எடுக்காத பத்து நிமிஷம் அவளுக்கு 'என்னை விட்டுட்டாங்க' என்றே படும். 'நாடகம் போடுறா' என்று அம்மாவைச் சொல்ல விடாதீர்கள். கையைக் கீறிக்கொண்டால், சாகிற பேச்சு வந்தால் உடனே ஆஸ்பத்திரி. இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மனாஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.