தாத்தாவின் ஊரைத் தேட எதற்கு முன்பணம்?

கேள்வி: என் அப்பாவின் அப்பா 1930களின் நடுவில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறிச் சிங்கப்பூர் வந்தவர். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார், 1971இல் காலமானார். எந்தக் கிராமம் என்று வீட்டில் எவருக்கும் தெரியாது. அம்மாவைப் பெற்ற பாட்டி கத்தோலிக்கர். சிறு வயதில் ஊரிலிருந்து வந்தவர். அவருக்கு ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்தில் திருமணம் நடந்தது என்பது மட்டும் தெரியும். வம்சாவளி இணையத்தளம் ஒன்றில் குடும்ப மரம் தொடங்கினேன். தாத்தா பெயருக்கு மூன்று ‘பொருத்தங்கள்’ இருப்பதாகவும், சந்தா கட்டினால் பார்க்கலாம் என்றும் அது சொல்கிறது. இதற்கிடையில் முகநூல் வழியாக ஒருவர், தாத்தா வந்த கப்பலின் பயணிகள் பட்டியலையும் கிராமப் பதிவேட்டையும் எடுத்துத் தர 1,200 வெள்ளி கேட்கிறார். அதை வைத்து, இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம் என்கிறார். கொடுக்கலாமா? (ஈசூன் வாசகி ஒருவர்)

பதில்: அந்த 1,200 வெள்ளியைக் கொடுக்க வேண்டாம். சந்தாவும் இப்போதைக்குக் கட்ட வேண்டாம். தேடலை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டிய தகவலில் பாதி சிங்கப்பூரிலேயே, பெரும்பாலும் உங்கள் உறவினர்களின் அலமாரிகளில்தான் கிடக்கிறது.

முதலில் அந்தக் கப்பல் பட்டியலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த ஒரு பொருளை வைத்துத்தான் நம்மவர்களிடம் அதிகமாகப் பணம் பறிக்கப்படுகிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால், மொரிஷியஸ், பிஜி போன்ற இடங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களுக்கு ஆளுக்கொரு எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று பதிவேடுகளில் எழுதி வைத்தார்கள். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன சுமார் ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் பேரின் விவரம் அப்படித்தான் எஞ்சியிருக்கிறது. அவர்களில் மிகப் பலர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழர்கள். மலாயாவின் கதை வேறு. இங்கே ஒப்பந்தக் கூலி முறை 1910இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. அதன்பின் வந்தவர்கள் ஊரில் ஆள் சேர்த்து அழைத்துவரும் கங்காணி வழியாகவோ சொந்தச் செலவிலோ, சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி, ‘ரஜூலா’ போன்ற கப்பல்களின் மேல்தளத்தில் படுத்துக்கொண்டு வந்தவர்கள். அவர்கள் பிரிட்டிஷ் ஆட்சியின் குடிமக்கள் என்பதால், 1953 ஆகஸ்ட்டில் புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வரும் வரை அவர்களுடைய நுழைவுக்குக் கட்டுப்பாடு ஏறத்தாழ இல்லை. கட்டுப்பாடு இல்லாத இடத்தில் ஆளுக்கொரு கோப்பும் இராது. ஆகவே 1930களில் வந்த மேல்தளப் பயணி ஒருவரின் பெயரைத் தட்டியவுடன் எடுத்துக் கொடுக்கக்கூடிய பட்டியல் எதுவும் இணையத்தில் இல்லை.

அப்படியானால் இந்த இடைத்தரகர்கள் எதைத்தான் கொடுக்கிறார்கள்? பெரும்பாலும் நேட்டால் பட்டியலின் ஒரு பக்கத்தைத்தான். உங்கள் தாத்தா பெயரைப் பழனிவேலு என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பட்டியலில் தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த பழனி பல பேர் அகப்படுவார்கள். அவர்களில் வயது ஓரளவு ஒத்துவரும் ஒருவரைப் பிடித்து, பக்கத்தின் தலைப்பை வெட்டிவிட்டு, பழுப்பேறிய தாளின் படத்தை அனுப்பினால், கண்கலங்கிப்போய் மீதிப் பணத்தையும் கட்டிவிடுகிறார்கள். இதைக் கண்டுபிடிப்பது எளிது. பட்டியலில் ஆளுக்கு ஒரு குடியேற்ற எண் இருந்து, கப்பல் புறப்பட்ட ஆண்டு 1911 அல்லது அதற்கு முந்தியதாக இருந்தால், 1930களில் சிங்கப்பூர் வந்த உங்கள் தாத்தா அதில் இருக்க வழியே இல்லை. அனுப்பியவர் ஆண்டைக் காட்ட மறுத்தால் அதுவே போதுமான பதில்.

இணையத்தளம் காட்டும் மூன்று ‘பொருத்தங்களும்’ இதே குணமுடையவைதாம். அந்தத் தளங்கள் மேலைநாட்டுக் குடும்பங்களுக்காக அமைக்கப்பட்டவை. தலைமுறை தலைமுறையாக மாறாத குடும்பப் பெயர் ஒன்று இருக்கும் என்று நம்பி அவற்றின் கணினி தேடுகிறது. நமக்கோ தந்தை பெயர்தான் அடுத்த பெயர். தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். குடும்பப் பெயர் கேட்கும் பெட்டியைக் காலியாக விட மனமில்லாமல், பலரும் தாத்தாவின் தந்தை பெயரைக் கொண்டுபோய் அதில் போட்டுவிடுகிறார்கள். பிறகு உலகத்திலுள்ள சின்னையாக்கள் அனைவரும் உங்களுக்குச் சொந்தக்காரர்களாகிவிடுகிறார்கள். எழுத்துக்கூட்டலும் ஒரு தொல்லை. காதில் விழுந்ததை எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதினார். அவர் மலாய்க்காரராகவோ சீனராகவோ யுரேசியராகவோ இருக்கலாம். ஒரே பழனிவேலு ஒரு தாளில் பலனிவேலுவாகவும், இன்னொன்றில் பள்ளானிவேலாகவும், மூன்றாவதில் வெறும் வேலுவாகவும் இருப்பார். தேடும்போது இவை எல்லாவற்றையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். இலவசமாகத் தேட ஃபேமிலிசர்ச் தளம் போதும். ஆனால் அங்குள்ள பொது மரத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால், அதில் எழுதியிருப்பதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். பதிவேட்டின் படம் இணைக்கப்பட்டிருந்தால் அந்தப் படத்தை மட்டும் நம்புங்கள்.

நீங்கள் தேட வேண்டியது தாத்தாவின் பெயரை அல்ல, ஊரையும் தாலுகாவையும். அவை கிடைத்தால் பெயர் தானாக வரும். அதற்கு வீட்டில் என்னென்ன தாள்கள் இருக்கக்கூடும் என்று பாருங்கள்: தாத்தாவின் பழைய இந்தியக் கடப்பிதழ் (அதில் பிறந்த இடம் எழுதப்பட்டிருக்கும்), 1957க்குப் பிறகு வாங்கிய குடியுரிமைச் சான்றிதழ், கடற்படைத் தளத்தில் கொடுத்த பணிச்சான்று, ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது, ஊரிலிருந்து வந்த கடிதங்கள். கடித உறையை மட்டும் எவரும் தூக்கி எறிய வேண்டாம். நான் பார்த்த குடும்பங்களில் கடிதம் தொலைந்து உறை மட்டும் எஞ்சியதுண்டு. அதில் கிராம அஞ்சலகத்தின் முத்திரை பாதி அழிந்த நிலையில் இருந்தாலும் போதும், தாலுகாவைப் பிடித்துவிடலாம். இவற்றைத் தேட உங்கள் வீடு மட்டும் போதாது. மூத்த அத்தை வீட்டிலும், தாத்தாவுடன் தளத்துக் குடியிருப்பில் இருந்த குடும்பங்களின் வீடுகளிலும் கேளுங்கள்.

தாளே இல்லையென்றால் நாளிதழைப் பார்க்கலாம். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்கள் உள்ளன. தாத்தா காலமான நாள் உங்களுக்குத் தெரியும் என்றால், அதையடுத்த பதினாறு நாள் இதழ்களையும், ஓராண்டு கழித்து அதே வாரத்து இதழ்களையும் பக்கம் பக்கமாகப் பாருங்கள். மரண அறிவித்தல்களிலும் நினைவஞ்சலிகளிலும் மக்கள், மருமக்கள் பெயர்களோடு சொந்த ஊர் பெயரும் இருப்பதுண்டு. பழைய அச்சுத் தமிழைக் கணினி சரியாகப் படிக்காது. தேடல் பெட்டியில் பெயரைப் போட்டு ‘இல்லை’ என்று வந்தால் அதை நம்பிவிடாதீர்கள். சில இதழ்களை நூலகத்துக்கு நேரில் போய்த்தான் பார்க்க முடியும். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் கடற்படைத் தளத்து வாழ்க்கை பற்றிய நேர்காணல்களையும் தேடிக் கேளுங்கள். எந்த ஊர்க்காரர்கள் எந்த வரிசை வீடுகளில் இருந்தார்கள் என்பது அப்படித்தான் தெரியவரும்.

இறப்புப் பதிவின் நகலைக் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடம் கட்டணம் செலுத்திக் கேட்கலாம். பொதுவாகவே இத்தகைய விண்ணப்பங்கள், எந்த நாட்டிலும், நாம் தெரிந்துகொள்ள விரும்பும் விவரத்தையே நம்மிடம் முதலில் கேட்கும். அதற்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஊர் பெயர் கிடைத்ததும் ஒரு குழப்பம் வரும். பழைய தாளில் ‘தஞ்சாவூர் ஜில்லா’ என்று இருந்தால், இன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் மட்டும் தேடாதீர்கள். அதிலிருந்து 1991இல் நாகப்பட்டினமும், பின்னர் 1997இல் திருவாரூரும், 2020இல் மயிலாடுதுறையும் பிரிந்தன. மன்னார்குடி தாலுகா என்று எழுதியிருந்தால் அது இப்போது திருவாரூர் மாவட்டம். புதுக்கோட்டை மாவட்டம் 1974இல் உருவானபோதும் தஞ்சாவூரின் ஒரு பகுதி அதற்குப் போனது. ஒரே பெயரில் நான்கைந்து கிராமங்கள் இருப்பது அங்கே சாதாரணம் என்பதால், தாலுகா பெயர் இல்லாமல் எவரையும் ஊருக்கு அனுப்பிச் செலவு செய்யாதீர்கள்.

பாட்டியின் வழிதான் உங்களுக்கு வாய்த்திருக்கும் பெரிய அனுகூலம். அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கத்தோலிக்கத் திருமணத்துக்கு முன் மணமக்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்கிலிருந்து, அதாவது அந்த ஊர் ஆலயத்திலிருந்து, சான்று வாங்க வேண்டும். திருமணம் முடிந்ததும், அதை நடத்திய பங்குக்குரு அந்தப் பங்குக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அங்கே ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயருக்கு அருகே, இன்ன நாளில் இன்ன ஊரில் இன்னாரை மணந்தார் என்று குறித்து வைக்க வேண்டும். இது திருச்சபைச் சட்டம். ஆகவே ஓஃபிர் சாலைத் திருமணப் பதிவில் பாட்டியின் ஊர்ப் பங்கின் பெயர் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்தப் பங்கின் பதிவேட்டில் பாட்டியின் தாய், தந்தை, ஞானப்பெற்றோர் பெயர்களும், ஓரத்தில் ‘சிங்கப்பூர்’ என்ற குறிப்பும் இருக்கலாம். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் நெருங்கிய உறவினர்கள் என்பதால் அந்த இரண்டு பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். பாட்டியை வீட்டில் அழைத்த பெயரைச் சொல்லாமல் ஞானஸ்நானப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் ராணியாக இருந்தவர் பதிவேட்டில் அந்தோணியம்மாளாக இருப்பார். ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள பங்குகள் சேர்ந்தது மறைமாவட்டம். தஞ்சாவூர் மறைமாவட்டம் 1952இல்தான் மயிலாப்பூரிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்திய தாளில் மயிலாப்பூர் மறைமாவட்டம் என்று இருந்தால், பாட்டி சென்னைக்காரர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பங்கு அலுவலகத்துக்கு நேரில் போய், ஏறத்தாழ எந்த ஆண்டு என்று சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். இடையில் எவரும் தேவையில்லை.

தாத்தா வழியில் இத்தகைய பதிவேடு இல்லாத இடத்தைக் குலதெய்வம் நிரப்பும். ஊர் பெயரை மறந்த குடும்பங்களுக்கும், முதல் மொட்டை எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டது என்பது நினைவிருக்கும். அந்தச் சாமியின் பெயரும் தாலுகாவும் சேர்ந்தால் கோயிலைக் கண்டுபிடிக்கலாம்; கோயில் கிடைத்தால் வரி கட்டும் பங்காளிகள் அகப்படுவார்கள். நிலப் பதிவேடுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பரம்பரைக் கணக்குப்பிள்ளை முறை 1980இல் ஒழிக்கப்பட்டபின் பழைய கணக்குகள் எந்த அலமாரிக்குப் போயின என்பதைக் கிராமத்துக்குக் கிராமம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. ‘கிராமப் பதிவேடு எடுத்துத் தருகிறேன்’ என்று எவராவது சொன்னால், எந்தப் பதிவேடு, எந்த ஆண்டு, எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். உண்மையாக வேலை செய்பவர் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லுவார். மற்றவர் உங்கள் வேர்களின் மகிமையைப் பேசத் தொடங்குவார்.

எச்சிலை அனுப்பிச் செய்யும் மரபணுச் சோதனையையும் இதே தளங்கள் விற்கின்றன. நீங்கள் தென்னிந்தியர் என்பதை அது சொல்லும். அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கிராமத்தைச் சொல்லாது. மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறைகளாக உறவுக்குள்ளேயே மணம் முடித்த குடும்பங்களில், தூரத்து உறவினரையும் நெருங்கிய உறவினராக அது காட்டிவிடும்.

ஓசிஐ அட்டைக்கு இணையக் குடும்ப மரம் சான்றாகாது. முன்னோரின் இந்தியக் கடப்பிதழ் அல்லது உரிய அலுவலகம் கொடுத்த பிறப்பிடச் சான்று போன்ற ஆவணங்களையும், அவரிடமிருந்து உங்கள் வரைக்குமான பிறப்புச் சான்றிதழ்த் தொடரையும் கேட்பார்கள். உங்கள் முகநூல் நண்பர், தாத்தாவுக்கு இப்போது புதிதாகப் பிறப்பிடச் சான்று ‘வாங்கித் தர’ முன்வந்தால், ஊரே தெரியாத நிலையில் அது பொய் ஆவணமாகத்தான் இருக்கும். அதில் கையெழுத்திட்டு விண்ணப்பிப்பவர் நீங்கள், அவரல்லர். ஏற்கெனவே அவருக்கு உங்கள் அடையாள அட்டையின் படத்தையோ பெற்றோரின் பிறப்புச் சான்றிதழையோ அனுப்பியிருந்தால், மேற்கொண்டு எதையும் அனுப்பாதீர்கள். அவருடன் நடந்த உரையாடலை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தளத்து மரத்தில் உயிரோடு இருப்பவர்களின் பெயர், பிறந்த நாள் ஆகியவற்றைப் பிறர் பார்க்காதபடி இன்றே மாற்றிவிடுங்கள். அவர் உங்களைக் கண்டுபிடித்ததும் பெரும்பாலும் அந்த மரத்தின் வழியாகத்தான் இருக்கும்.