கார்டு போட்டிகளில் அழுகுணி ஆட்டத்தை எப்படிப் பிடிக்கிறார்கள்?

'மேஜிக்: தி கேதரிங்' என்ற கார்டு விளையாட்டின் போட்டிகளில் ஏமாற்றுகிறவர்களை எப்படிப் பிடிக்கிறார்கள், சிலரை மட்டும் ஏன் வெறும் எச்சரிக்கையோடு விடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மேஜிக் ஆடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: தப்பைப் பிடிப்பது பெரிய வேலையே இல்லை. தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று முடிவுகட்டுவதுதான் பெரும்பாடு.

மற்ற கார்டுகளை ஆடத் தேவையான சக்திக்கு 'மானா' என்று பெயர், அதைத் தருவது லேண்ட் கார்டு. ஒரு டர்னில் ஒரு லேண்ட் கார்டுதான் இறக்கலாம். நீங்கள் மறந்துபோய் இரண்டாவதை இறக்கினால் ஜட்ஜ் எச்சரிக்கை தருவார், முடிந்தால் ஆட்டத்தைச் சரிசெய்வார். அதையே விதி தெரிந்துகொண்டு, லாபத்துக்காகச் செய்திருந்தால் போட்டியிலிருந்தே நீக்கம். மேஜையில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால்தான் ஜட்ஜ் தனியாக அழைத்துத் துருவித் துருவிக் கேட்கிறார். வாக்குமூலம் கட்டாயமில்லை, எது நம்பும்படி இருக்கிறது என்று தலைமை ஜட்ஜ் தீர்மானித்தால் போதும்.

பெரிய உதாரணம், ஜப்பானின் யூயா வத்தனாபே. மேஜிக்கின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றிருந்தவர். 2019 ஏப்ரலில் லண்டன் போட்டியில் அவருடைய ஸ்லீவ்களில், அதாவது கார்டுகளைப் போட்டு வைக்கும் உறைகளில், அடையாளம் இருப்பதாக நீக்கினார்கள். அடையாளம் இருந்தால் கவிழ்ந்திருக்கும்போதே எந்தக் கார்டு என்று தெரிந்துவிடும். எல்லா ஸ்லீவும்தான் ஆட ஆடத் தேயும். கீறல் இருப்பது ஒரு விஷயமே இல்லை. எந்தக் கார்டில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அவர் ஆடியது 'ட்ரான்' என்ற வகைக் கார்டுக் கட்டு. அதில் உர்சா லேண்ட் மூன்று வகை. தனித்தனியாக ஆளுக்கு ஒரு மானா, மூன்றும் சேர்ந்தால் ஏழு. அடையாளங்கள் அந்த லேண்டுகளோடு ஒத்துப்போயின. அவர் மறுத்தார். ஆனாலும் 30 மாதத் தடை, புகழ் மண்டபத்திலிருந்தும் பெயர் நீக்கம். தற்செயல் இப்படி ஆள் பார்த்து விழாது என்பதால் எனக்கு அந்தத் தீர்ப்பு சரியென்றே படுகிறது.

இன்னொரு வகை, கலைப்பதில் கைவேலை. போட்டி நிலையில் எதிராளியின் கட்டை நாம் கலைத்தே ஆகவேண்டும். அந்தச் சாக்கில் கார்டுகளின் முன்பக்கத்தைப் பார்த்து, உதவாத கார்டுகளை மேலே ஏற்றிவிடுவார்கள். அமெரிக்காவில் 2014இல் இப்படிச் செய்தவர்களை முதலில் கண்டுபிடித்தது, நேரலை வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்த ரசிகர்கள்தான்!

எனவே உங்கள் கட்டை எதிராளி கலைக்கும்போது அவர் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். கார்டுகளின் பக்கமே குனிந்து இருந்தால் கையைத் தூக்கி ஜட்ஜைக் கூப்பிடுங்கள். அதற்குச் சங்கடப்பட வேண்டாம், தினமும் நடப்பதுதான்.